அரிசோனாவில் என் நிலத்தை விற்காமலேயே அதிலுள்ள பாலைவன ஓடையைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். அதற்கான வழிதான் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட், அதாவது நிலத்தைப் பாதுகாக்கச் செய்துகொள்ளும் ஒரு சட்ட ஒப்பந்தம். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் மனை பிரிப்பது, ஓடையை மண் கொட்டி மூடுவது போன்றவற்றுக்கான உரிமையை மட்டும் ஒரு நில அறக்கட்டளையிடமோ அரசு அமைப்பிடமோ விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள். ஒப்பந்தப் பத்திரம் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவாவதால், நாளை யார் வாங்கினாலும் அது அவர்களையும் கட்டுப்படுத்தும். நன்கொடையாகக் கொடுத்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு மத்திய வருமான வரியில் கழிவு உண்டு. அதற்கு ஒப்பந்தம் நிரந்தரமானதாக இருக்க வேண்டும்.

வருடத்தில் சில நாள் மட்டும் தண்ணீர் ஓடும் மணல் பள்ளத்துக்கு இவ்வளவு பாடா? அரிசோனாவிலுள்ள சொனோரன் பாலைவனத்தில் மரங்கள் அடர்ந்து நிற்பதே அந்தப் பள்ளத்தின் கரையில்தான். அங்குள்ள அயர்ன்வுட் மர நிழலில் சகுவாரோ கள்ளியின் குட்டிக் கன்று வெயிலுக்கும் உறைபனிக்கும் தப்பி வளர்கிறது. அதே பள்ளங்களில் வளரும் ஸ்மோக் ட்ரீ என்ற மரத்தின் விதையின் கெட்டித் தோல், வெள்ளத்தில் மணலோடும் கல்லோடும் உருண்டு தேய்ந்த பிறகுதான் நன்றாக முளைக்கும். வெள்ளம் நின்றால் அடுத்த தலைமுறை மரமே இல்லை.

சரி, எதில் உஷாராக இருக்க வேண்டும்? முதலில் கனிம உரிமை. அமெரிக்க மேற்கில் நிலத்துக்கு அடியிலுள்ளது பல இடங்களில் வேறொருவருக்குச் சொந்தம். கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் பார்த்துவிடுங்கள். அப்புறம், உங்கள் பத்திரம் உங்கள் எல்லை வரைதான் செல்லும். ஓடையின் மேற்பகுதியில் நிலம் வைத்திருப்பவர்கள் தண்ணீரைத் திருப்பினால் உங்கள் ஓடையும் காயும், அதனால் அவர்களிடமும் இப்போதே பேசுங்கள்.