கேள்வி நேரம்: பால்கனியில் காட்டு ஓர்க்கிட்

கேள்வி: எங்கள் தெரு மழைமரத்தில் புறா ஓர்க்கிட் வெள்ளை வெளேரென்று பூக்கிறது. ஐந்தாம் மாடியில் நான் வளர்க்கும் அதே செடி மூன்று வருடமாக இலைதான் விடுகிறது. உரம் போதவில்லையா? (வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: உரத்தின் மேல் பழி வேண்டாம். புறா ஓர்க்கிட் (தாவரவியல் பெயர் டென்ட்ரோபியம் குருமெனாட்டம்) மொட்டைக் கட்டி வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். வெயில் காய்ந்த மதியத்தில் மழை கொட்டி, வெப்பம் 5 டிகிரி அளவுக்குச் சட்டென்று இறங்கினால்தான் மொட்டு விழிக்கும். அதிலிருந்து சுமார் 9ஆம் நாள் வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் பூத்து, பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். சுவரோரத்தில் கூரைக்கடியில் இருக்கும் தொட்டிக்கு அந்தக் குளிர்ச்சி எட்டாது. காலை வெயிலும் சாரலும் படும்படி கிரில்லை ஒட்டித் தொங்கவிடுங்கள். உள்பக்கமாகத்தான்; கீழே ஆள் நடக்கிறார்கள்.

கத்தரிக்கோலையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இந்தச் செடியின் தண்டு நுனி இலையில்லாமல், காய்ந்த ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். செத்துவிட்டதென்று பலர் வெட்டிவிடுகிறார்கள். பூ வருவதே அந்தக் குச்சியின் கணுக்களில்தான், அதுவும் திரும்பத் திரும்ப.

கேள்வி: ஃபெலினோப்சிஸ் ஓர்க்கிட் வகையில் பெல்லினா, வயோலேசியா இரண்டும் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். எப்படிப் பிரித்தறிவது? (வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: 1995 வரை அவர் சொன்னது சரி. அந்த ஆண்டுதான் போர்னியோ செடியை பெல்லினா என்று தனி இனமாகப் பிரித்தார்கள். சரவாக்கின் மாநில மலரான நோர்மா ஓர்க்கிட் இதுதான். தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் வளர்வது வயோலேசியா.

பெல்லினாவின் இதழ்கள் அகலமானவை, வெளிர்பச்சை. கீழ்ப்பக்க இரண்டு இதழ்களின் உள்பாதியில் மட்டும் ஊதா தீட்டியிருக்கும். வயோலேசியா ஒடுங்கிய நட்சத்திர வடிவம், நிறம் பூ முழுக்கப் பரவியிருக்கும். பெல்லினாவில் எலுமிச்சை கலந்த இனிய வாசம், வயோலேசியாவில் பட்டை வாசம். பூத்த அன்றே முகர்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். நாலைந்து நாள் விட்டுப் பகல் நேரத்தில் முகருங்கள்.

இரண்டையும் ஒப்பிட்டு வளர்க்க விரும்பினால் ஒரே அளவு தொட்டி, நடுவதற்கு ஒரே மாதிரி கரித்துண்டு, ஒரே இடம் கொடுங்கள். நிழலில் வளர்ந்த இலை எந்த இனத்திலும் நீண்டுவிடும், அதை வைத்து இனம் சொல்ல முடியாது. படமெடுக்கும்போது பூவின் பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். காசு வேண்டாம், பழைய 20 சென்னும் புதிய 20 சென்னும் ஒரே அளவில்லை. பூ உதிர்ந்ததும் பச்சைக் காம்பை வெட்டாதீர்கள், அதன் நுனியிலேயே மறுபடி மொட்டு வரும்.

கேள்வி: வாரம் இரண்டே முறைதான் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் ஃபெலினோப்சிஸ் வேர் அழுகுகிறது. (வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: நாளை எண்ணாதீர்கள், வேரைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது. கடையில் வாங்கிய செடியாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் தொட்டி நடுவில் இறுக்கி அடைத்த பாசிதான். மேலே காய்ந்திருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். சாத்தே குச்சி ஒன்றை நடுவில் செருகி 10 நிமிடம் கழித்து உருவுங்கள். ஈரமாக வந்தால் தண்ணீர் கிடையாது.

இப்போது பாசி முழுவதையும் பிய்த்து எடுத்துவிடுங்கள். அமுக்கினால் கூழாகும் வேரை, நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பக்கவாட்டில் ஓட்டையுள்ள 12 சென்டிமீட்டர் மண்தொட்டியில், கழுவி ஓர் இரவு ஊறவைத்த எலுமிச்சை அளவு கரித்துண்டுகளைப் போட்டு நடுங்கள். நேராக நிறுத்தாமல் சற்றே சாய்த்து நட்டால் குருத்தில் தண்ணீர் தேங்காது. குருத்து அழுகினால் செடி தேறுவது அரிது. கரி சீக்கிரம் காயும், அதனால் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றலாம், மாலையில் வேண்டாம். புது வேர் எட்டிப் பார்க்கும்வரை உரம் எதுவும் போடாதீர்கள். பிறகு தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள 20-20-20 உரத்தை லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை.

கேள்வி: மாஸ்டெவாலியா ஓர்க்கிட்டை ஏர்கோன் அறையில் வளர்க்கலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: அது ஆண்டிஸ் மலைப் பனிக்காட்டுச் செடி. ஏர்கோன் குளிரைத் தரும், ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கேமரன் மலையில் உறவினர் இருந்தால் அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் ஃபெலினோப்சிஸ் வகையான ஈகுவெஸ்ட்ரிஸ் வாங்குங்கள். நம் வெக்கைக்கு அது அசராது.