கேள்வி பதில்: குவாட்டர்பேக்கும் நிறமும்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் கறுப்பின வீரர்கள்தான் அதிகம். ஆனால் குவாட்டர்பேக் இடத்தில் ரொம்ப காலம் வெள்ளையர்களே இருந்தார்களாமே, ஏன்?

பதில்: ஆட்டத்தை நடத்துகிறவர் குவாட்டர்பேக். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, பந்தை யாருக்கு எறிவது என்று நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். ‘கறுப்பர்களுக்கு ஓட்டம் வரும், இந்த யோசனை வராது’ என்று நினைத்தார்கள். அப்பட்டமான நிறவெறி.

கறுப்பின குவாட்டர்பேக் மார்லின் பிரிஸ்கோ 1968-இல் டென்வர் அணிக்காக 14 டச்டவுன் பாஸ் (அணிக்குப் புள்ளி வாங்கித் தரும் எறிதல்) எறிந்தார். அடுத்த வருஷம் அந்த இடம் அவருக்கு இல்லை. பஃபலோ அணிக்குப் போய், பந்தைப் பிடிக்கிற ரிசீவர் ஆனார்.

வாரன் மூன் கதை இன்னும் வலிக்கும். 1978-இல் ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர் அவர். அந்த வருஷம் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு அணிகூட அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய், எட்மன்டன் அணியோடு தொடர்ந்து 5 கிரே கோப்பைகளை (அந்நாட்டு லீக்கின் சாம்பியன் கோப்பை) வென்றார். 1984-இல்தான் ஹூஸ்டன் அழைத்தது.

அப்புறம் வாஷிங்டன் அணியின் டக் வில்லியம்ஸ். 1988 சூப்பர் பவுலின் (அமெரிக்க லீக்கின் இறுதி ஆட்டம்) முதல் கால்பகுதியில் முழங்கால் பிசகி விழுந்தார். எழுந்து வந்து, இரண்டாவது கால்பகுதியில் மட்டும் 4 டச்டவுன் பாஸ்! அந்த 15 நிமிஷ ஆட்டத்தை எப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். வாஷிங்டன் 42, டென்வர் 10.

சூப்பர் பவுலில் இரு அணிக்கும் கறுப்பின குவாட்டர்பேக்குகள் இறங்கியது 2023-இல்தான்: மஹோம்ஸ், ஹர்ட்ஸ்.