அந்த ஐந்து மணி அலாரத்தை நிறுத்திவிடுங்கள்

கேள்வி: வேலை, வீடு, இரண்டு பிள்ளைகள் என்று நாள் ஓடிவிடுகிறது. இயற்கையை ரசிக்கலாம் என்று விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். நாலு நாள் எழுந்தேன், அப்புறம் முடியவில்லை. கடைசியாக எப்போது நிலாவை நின்று பார்த்தேன் என்றே நினைவில்லை. இதற்கு நேரம் ஒதுக்குவது எப்படி?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதல் வேலையாக அந்த அலாரத்தை எடுத்துவிடுங்கள். தூக்கம் போதாதவருக்குச் சூரியோதயத்தில் கொட்டாவிதான் மிஞ்சும். ரசிப்பதையும் செய்து முடிக்க வேண்டிய வேலைகளோடு சேர்த்துவிட்டீர்கள். தவறும்போது குற்ற உணர்ச்சி வருவது அதனால்தான்.

1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள், சிலருக்கு வெறும் செங்கல் சுவர். மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அவர்கள் யாரும் மரம் பார்க்க நேரம் ஒதுக்கவில்லை. கட்டில் கிடந்த இடம் அப்படி, அவ்வளவுதான்.

உங்கள் நாளிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். பாத்திரம் கழுவும்போது தெரியும் ஜன்னல், துணி காயப்போடும் மாடி, பேருந்துக்காக நிற்கும் பத்து நிமிடம். அங்கிருந்து தெரிகிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரக்கிளை போதும். ஆனால் நீங்களே நிலாவைச் சொல்லிவிட்டீர்கள், அதையே வைத்துக்கொள்வோம்.

பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் அது கிழக்கே எழும். அடுத்த நாள் முதல் தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதம். இரண்டு நாள் கழித்து அதே நேரத்தில் அதே திசையில் பார்த்தால் ஆளைக் காணோம்! ஒரு வாரத்தில் நள்ளிரவை ஒட்டித்தான் வரும். அதனால் என்ன, மறுநாள் காலை நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது வெளுத்துப்போய் மேற்கே நின்றுகொண்டிருக்கும். வளர்பிறைப் பாதி நிலாவோ பிற்பகலிலேயே வானத்தில் இருக்கும், மாலையில் வீடு திரும்பும்போது தலைக்கு மேலே எங்கேயாவது தேடினால் போதும். ஒரு மாதம் இப்படிக் கவனித்தால், அடுத்து எங்கே தெரியும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அந்தச் சுவாரசியம் வந்துவிட்டால் அலாரம் எதற்கு?

இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் தகவல் திரட்டி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 2 மணி நேரமாவது பூங்கா, கடற்கரை போன்ற இடங்களில் செலவிட்டவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதை ஒரே நாளில் செலவிட்டாலும் துண்டு துண்டாகச் செலவிட்டாலும் வித்தியாசம் இல்லை. (நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.) எப்படியானாலும் கடிகாரம் வைத்து அளக்காதீர்கள். போனில் படம் எடுப்பதையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள்.

பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவையுங்கள், உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துக் கத்துவார்கள். பகலில் நிலா எப்படி வந்தது என்று கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.