ஊசி என்றதும் முகம் திருப்பும் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. கொவிட் காலத்தில் எங்களைவிட அவர்தான் கறார். முகக்கவசம் இல்லாமல் குப்பை போடக்கூடப் போகமாட்டார். இப்போது சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடலாம் என்றால், “நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு?” என்கிறார். நிமோனியா பற்றிய காணொளிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். என்ன செய்வது?
– செங்காங் வாசகி

பதில்: முதலில் காணொளிகளை நிறுத்துங்கள், அம்மா. செய்யவேண்டியது எளிது என்ற தைரியம் வராமல் பயம் மட்டும் வந்தால், நோயைத் தடுக்கத் தோன்றாது. பயத்தைத் தள்ளிவைக்கத்தான் தோன்றும். அதற்குக் கைப்பேசியை மூடிவைத்தால் போதும். அனுப்பிய மகள்மேல் கோபித்துக்கொண்டால் இன்னும் நல்லது!

அன்றைய கறாரை அவருடைய சுபாவம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 ஏப்ரல் 14 முதல் சிங்கப்பூரில் வெளியே வந்தாலே முகக்கவசம் கட்டாயம். மின்தூக்கியில் ஏறினால் எல்லார் முகத்திலும் அது இருந்தது, செய்தியில் அன்றாடம் எண்ணிக்கை ஓடியது. 2003இல் சார்ஸ் இங்கே 33 உயிர்களைக் கொண்டுபோனதைப் பார்த்த தலைமுறை வேறு. 2023 பிப்ரவரி 13 அன்று பேருந்திலும் ரயிலிலும்கூடக் கட்டாயம் நீங்கியது. இன்று அவருக்கு நினைவூட்ட நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, “நான் நல்லாத்தானே இருக்கேன்”. 1950களில் அமெரிக்காவில் காசநோய் எக்ஸ்ரே எடுக்க வசதி இருந்தும் பலர் போகவில்லை. காட்ஃப்ரி ஹோக்பாம் என்ற உளவியலாளர் காரணம் தேடினார். ‘உடம்பு நன்றாக இருக்கும்போதே நோய் உள்ளே இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது’ என்று நம்பியவர்களில் 82 விழுக்காட்டினர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 விழுக்காட்டினர்தான். அப்பா அந்த நம்பாதவர்கள் கூட்டம். நோய் கொடியது என்று அவருக்குத் தெரியும். தன்னை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நிமோனியாவை விடுங்கள். நடமாட்டம் நன்றாக இருந்தாலும் 65 தாண்டினால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும், நன்றாக இருக்கும்போதே போடுவதுதான் ஊசி என்பதை அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். பெற்ற பிள்ளை சொன்னால் அது அதிகாரம்; டாக்டர் சொன்னால் யோசனை. நம் வீடுகளில் அப்படித்தான்.

அதற்குமுன் ஒரு நாள் சும்மா கேளுங்கள்: கொவிட் ஊசிக்குப் பிறகு காய்ச்சல் அடித்ததா, காப்பிக் கடையில் யாராவது ஏதாவது சொன்னார்களா? அன்றைக்கு மறுத்துப் பேசாதீர்கள்.

அவர் குடிமகனாக இருந்து, அரசாங்கத்தின் நோய்த்தடுப்புத் திட்டமான ‘ஹெல்தியர் எஸ்ஜி’யில் பதிந்திருந்தால், பதிந்த மருந்தகத்தில் இந்த ஊசி இலவசம். நேரத்தை நீங்களே பதிவுசெய்து, கூடவே போய், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் மாட்டேன் என்றால் விட்டுப்பிடியுங்கள். ஆண்டுதோறும் போடுகிற ஊசிதானே, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மறுபடி கேட்கலாம்.