புட்டு இருக்கட்டும், தேங்காய் எத்தனை தரம்?

கேள்வி: அக்காவுக்கு 48 வயது, லண்டனில் இருக்கிறா. உயரம் 158 செ.மீ., நிறை 66 கிலோ. சீனி வருத்தம் எல்லையில் நிற்கிறதாம். ஓட்ஸ், சலாட் என்று கொடுத்த அட்டவணையை இரண்டு கிழமையில் விட்டுவிட்டா. எங்கள் சாப்பாட்டோடு நிறை குறைக்க வழி உண்டா? இங்கிருந்து என்ன அனுப்பலாம்?
– வாசகி, கல்லடி

பதில்: உயரத்துக்கு எவ்வளவு நிறை என்று காட்டும் உடல் நிறைச் சுட்டெண் (BMI) அவருக்கு 26.4. பொதுக் கணக்கில் 30 வந்தால்தான் உடற்பருமன். இங்கிலாந்து வழிகாட்டலில் தெற்காசியருக்கு அது 27.5, இன்னும் மூன்று கிலோ ஏறினால் அக்கா அதைத் தாண்டிவிடுவார். எங்கள் ஆட்களுக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்வது கூட. எனவே தராசோடு அளவு நாடாவும் வேண்டும்: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே, அவருக்கு 79 செ.மீ.க்குள்.

புட்டை நிறுத்தச் சொன்ன அட்டவணை நிலைக்காது. புட்டு, சம்பல், சொதி என்று ஒரே வேளையில் தேங்காய் மூன்று தரம் வருவதுதான் சிக்கல். ஒரு கோப்பை தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 280 கலோரி. வேளைக்கு ஒரு இடத்தில் மட்டும் தேங்காய் என்று வைக்கட்டும். புட்டில் போட்டால், சம்பலுக்குப் பதில் தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாயில் தேசிக்காய் பிழிந்தது. சொதிக்குப் பதில் பால் விடாத மீன் புளியாணம். ஒரு கோப்பை மாவுக்கு அரைக் கோப்பை துருவிய கரட்டோ நறுக்கிய கீரையோ சேர்க்கலாம். கரட் தண்ணீர் விடும். வழமையான அளவு தண்ணீர் தெளித்தால் புட்டு கட்டிபடும். சோறென்றால் சாப்பாட்டுத் தட்டில் கால்வாசி, மரக்கறி அரைவாசி, மிச்சம் மீனும் பருப்பும்.

நாளுக்கு ஐந்து தேநீர், இரண்டு கரண்டிப்படி என்றால் பத்துக் கரண்டி சீனி. ஒவ்வொரு கிழமையும் ஒரு தேநீருக்கு அரை அரைக் கரண்டியாகக் குறைத்துவந்தால் நாக்கு பழகிவிடும்.

அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வின் இலக்கு 7 வீத நிறைக் குறைப்பும் கிழமைக்கு 150 நிமிட உடற்பயிற்சியும். அதில் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. அக்காவுக்கு 7 வீதமென்றால் நாலரைக் கிலோதான். மாரியில் வெளியே இருட்டு, குளிர். சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடமாக வீட்டுக்குள்ளோ கடைத்தொகுதியிலோ நடக்கலாம். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சீனியைக் காட்டும் சோதனை) 42–47 என்றால், அரச சுகாதார சேவையின் நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் சேர்க்கும்படி குடும்ப வைத்தியரிடம் கேட்கட்டும். தமிழில் வகுப்பு உண்டா என்றும் விசாரிக்கட்டும். சமைப்பவர் வேறொருவரென்றால் அவரும் போகவேண்டும், இல்லாவிட்டால் சட்டி மாறாது.

பார்சலில் பயற்றம் பணியாரத்தைக் குறைத்து வறுத்த சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் வையுங்கள். குரக்கனை மருந்தென்று நினைத்து இரட்டிப்பாகச் சாப்பிடுபவர்கள் உண்டு: நார் கூடத்தான், ஆனால் மாச்சத்து அரிசிமாவுக்கு ஏறத்தாழச் சமம்.