குடியேறிகளின் பிள்ளைகள் பிறந்த நாட்டோடு ஒட்டாமல் இருப்பது ஏன்?

"இலவசப் படிப்பு, உதவிப் பணம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஏன் பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். பிரான்ஸ் கலவரச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போல. நான் பாரிசுக்குப் பக்கத்தில், குடியேறிகள் நிறைந்த 93ஆம் மாவட்டத்தில், லா கூர்னவ் என்ற ஊரில் முப்பது வருடமாக இருக்கிறேன். கொளுத்துவதை நியாயப்படுத்த வரவில்லை. எங்கள் கட்டடத்துக் கீழேயே ஒரு கார் எரிந்தது. இதை முதலே சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள்.

2005 ஒக்டோபரில் இதே 93இல் உள்ள கிளிஷி-சு-புவாவில் பொலிசுக்குப் பயந்து துணை மின்நிலையத்துக்குள் ஒளித்த இரண்டு பெடியள் மின்சாரம் தாக்கிச் செத்தார்கள். ஒருவனுக்கு 17, மற்றவனுக்கு 15. என் மகனுக்கும் அப்போது 15. மூன்று கிழமை கலவரம், நடுவில் அவசரகால நிலை. நான் மகனுக்குச் சொன்னது ஒன்றுதான்: "அந்த அரபுப் பெடியளோடை திரியாதை, எங்கடை ஆக்களை ஒன்றும் செய்யமாட்டாங்கள்."

அடுத்த மாதமே ஒரு ரயில் நிலையத்தில் பொலிசார் என் மகனை மறித்தார்கள். எந்த ஊர் என்று கேட்க லா கூர்னவ் என்றிருக்கிறான். அது சரி, உண்மையில் எங்கிருந்து வந்தாய் என்று திரும்பவும் கேள்வி. பையைக் கொட்டிக் கிண்டியதில் தமிழ்ப் பள்ளிக்கூடக் கொப்பி விழ, பொலிஸ்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இது அரபு எழுத்தா என்று கேட்டாராம். அவனுக்கு 13 வயதிலேயே நாங்கள் மனுப்போட்டுப் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துவிட்டோம், ஆனால் அடையாள அட்டையைத் தொலைத்துவிடுவான் என்று அலுமாரியில் பூட்டி வைத்தது நான்.

பிறகு வேலை தேடியபோது 93 முகவரி போட்ட விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. பாரிசுக்குள் இருக்கும் மாமியின் முகவரியைப் போட்ட பிறகுதான் கூப்பிட்டார்கள்.

இதற்குள் லண்டன் சொந்தக்காரர் கலியாணவீட்டுக்கு வந்தால், "பெடிக்குத் தமிழ் கொஞ்சம் தட்டுது" என்று சிரிப்பார்கள்.

எங்கள் பிள்ளைகள் அந்த அரபுப் பெடியள் மாதிரி இல்லை என்று இப்போதும் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் பெருமை பேசுகிறோம். என் மகனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், நல்ல வேலை. குப்பை போடக் கீழே இறங்கினாலும் அட்டை சட்டைப் பையில் இருக்கும்.