கோடுகள் குறுக்கே போவதால் மட்டும் முடிவு தவறாகிவிடாது

ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பரிணாம மரத்தையும் அவற்றின் காய்களில் வாழும் குளவிகளின் பரிணாம மரத்தையும் எதிரெதிரே வரைந்து ஒப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கும் பாராஃபிட் முறை p மதிப்பாக 0.01 தருகிறது (இவ்வளவு ஒற்றுமை தற்செயலாக வர நூறில் ஒரு வாய்ப்புதான்), ஆனால் ஒவ்வொரு மரத்தையும் அதன் குளவியையும் இணைக்கும் கோடுகள் பின்னிக் கிடக்கின்றன என்கிறீர்கள். அந்தப் பின்னல் சான்று ஆகாது. பரிணாம மரத்தில் கிளை பிரியும் ஒரு கணுவைச் சுழற்றினாலே கோடுகள் இடம் மாறும், உறவு மாறாது. அந்த 0.01ஐக் கைவிட வேண்டாம்.

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். கீரிப்பாறையிலும் திற்பரப்பிலும் எடுத்த காய்களிலிருந்து வந்த எல்லாக் குளவிகளையும் ஒரே பரிணாம மரத்தில் சேர்த்திருக்கிறீர்கள். அத்திக்காய்க்குள் மகரந்தம் சுமக்கும் செரட்டோசோலன் ஃபஸ்ஸிசெப்ஸ் என்ற குளவி மட்டும் இருப்பதில்லை. காய்க்குள் நுழையாமல், வெளியே நின்றே நீண்ட ஊசியை இறக்கி முட்டையிடும் குளவிகளும் அதே காயிலிருந்து வரும். அவற்றின் பரிணாமக் கதை தனி.

1. மகரந்தக் குளவிகளை மட்டும் வைத்து மறுபடி ஓட்டுங்கள்.
2. அப்புறம், இதே ஒற்றுமையைச் சோதிக்கும் இன்னொரு முறையான பாக்கோவில் ஒவ்வொரு மரம்-குளவி இணைப்பின் எச்சத்தையும் (பொருத்தத்திலிருந்து அது விலகும் அளவை) பாருங்கள். எச்சம் பெரிதாக உள்ள இணைப்புதான் பொருந்தாதது. அந்த மாதிரியின் அடையாளத்தை முதலில் சரிபாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: நன்றாகப் பொருந்தினாலும் 'இரண்டும் சேர்ந்தே இனம் பிரிந்தன' என்று எழுதிவிடாதீர்கள். குளவி நெருங்கிய உறவுள்ள மரத்துக்குத் தாவியிருந்தாலும் இதே ஒற்றுமை தெரியும். இரு பக்கமும் கிளை பிரிந்த காலம் ஒத்துவர வேண்டும். சேர்ந்து பிரிதல், தாவல் போன்ற நிகழ்வுகளுக்குச் செலவு வைத்து இரு பரிணாம மரங்களையும் பொருத்தும் ஜேன் மென்பொருளில் தாவலுக்கான செலவையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள்.